அலகும் ஆதார மட்டமும்: திக்லிபூர் நிலத்தை அளப்பது எப்படி

வட அந்தமானின் திக்லிபூருக்குத் தெற்கே நிற்கும் சாடில் பீக், அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மிக உயர்ந்த சிகரம். அதன் உயரம் 732 மீட்டர் என்று பாடநூல்களும் சுற்றுலாக் கையேடுகளும் குறிக்கின்றன. இந்த ஓர் எண்ணுக்குள் மூன்று கேள்விகள் அடங்கியிருக்கின்றன. மீட்டர் என்பது எவ்வளவு நீளம், அதை நிர்ணயிப்பது எது? 732 என்ற எண்ணிக்கை எந்த மட்டத்திலிருந்து தொடங்குகிறது? எவ்வளவு பிழைக்கு இடம்விட்டு அந்த எண்ணை நம்பலாம்? அலகு, ஆதார மட்டம், பிழை வரம்பு ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் ஓர் அளவீடு முழுமை பெறும். பள்ளி அறிவியல் முதலாவதைச் சொல்லித் தருகிறது. மற்ற இரண்டையும் பெரும்பாலும் தொடாமலே கடந்துவிடுகிறது. 2002, 2004 நிலநடுக்கங்களில் திக்லிபூர் வட்டாரத்தின் தரையே இடம்பெயர்ந்தபோது, அந்த இரண்டும் எவ்வளவு முக்கியமானவை என்பது வெளிப்படையாகத் தெரிந்தது.

அலகின் வரலாறு பொது ஒப்புதலின் வரலாறு. சோழர் காலக் கல்வெட்டுகளில் 12 சாண் கோல், 16 சாண் கோல், 18 சாண் கோல் எனப் பல அளவுகோல்கள் வருகின்றன. ஊர்தோறும் கோல் மாறினால் நிலப்பரப்பின் அலகுகளான குழி மாறும், மா மாறும், வேலி மாறும். அதற்கேற்ப நிலவரியான இறையும் மாறும். முதலாம் ராஜராஜன் காலத்து நில அளவையோடு பேசப்படும் உலகளந்த கோல், பரந்த நாட்டுக்கு ஒரே அளவு வேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்தது. கோலின் நீளத்தைக் கோயில் சுவரிலோ அடித்தளக் கல்லிலோ வெட்டி வைத்த வழக்கம் தனித்துக் கவனிக்கத் தக்கது. ஐயம் கொண்டவர் தன் கோலைக் கொண்டுவந்து அந்தக் கல்லோடு ஒட்டிப் பார்த்துக்கொள்ளலாம். எவரும் சரிபார்க்கக்கூடிய மூல அளவு ஒன்று பொது இடத்தில் இருக்க வேண்டும் என்ற இந்த எண்ணமே இன்றைய அளவியலுக்கும் அடிப்படை.

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் மீட்டரை உருவாக்கியவர்கள் மூல அளவைக் கல்லில் தேடாமல் பூமியில் தேடினார்கள். வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தொலைவில் கோடியில் ஒரு பங்கு ஒரு மீட்டர் என்றார்கள். அந்தத் தொலைவைக் கணிக்க வானியலாளர்கள் டெலாம்பரும் மெஷேனும் டன்கிர்க்கிலிருந்து பார்சிலோனா வரை 1792 முதல் ஆறேழு ஆண்டுகள் அளந்தார்கள். அதைக் கொண்டு 1799இல் செய்யப்பட்ட பிளாட்டினக் கோல், கொள்கைப்படி இருக்க வேண்டிய நீளத்தைவிட ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் குறைவாக அமைந்துவிட்டது. ஆனாலும் உலகம் கோலை மாற்றவில்லை. கோலையே மீட்டராக ஏற்றுக்கொண்டது. 1875 மே 20இல் பாரிசில் மீட்டர் உடன்படிக்கை கையெழுத்தானது. 1889இல் பிளாட்டின இரிடியக் கலவைக் கோல் மூல அளவாயிற்று. 1960இல் கிரிப்டான் ஒளியின் அலைநீளம் அந்த இடத்தைப் பிடித்தது. 1983 முதல் மீட்டரின் இலக்கணம் ஒளியைச் சார்ந்தது: வெற்றிடத்தில் ஒளி ஒரு நொடியில் செல்லும் தொலைவு 29,97,92,458 மீட்டர் என்று நிலைநிறுத்தப்பட்டது. நொடியின் இலக்கணம் 1967இலிருந்தே சீசியம் அணுவைச் சார்ந்திருக்கிறது. அந்த அணு வெளியிடும் குறிப்பிட்ட கதிர்வீச்சின் 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 அதிர்வுகள் ஒரு நொடி. ஆக, இன்று நீளத்தை அளப்பது நேரத்தை அளப்பதன் ஒரு வடிவம். பொருளைச் சார்ந்திருந்த கடைசி அலகான கிலோகிராமும் 2019 மே 20இல் பிளாங்க் மாறிலிக்கு மாற்றப்பட்டது. இந்தியாவின் 57ஆம் எண் கிலோகிராம் படி இன்றும் தில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. ஆனால் மூல அளவு என்ற தகுதி எந்த உலோகத் துண்டுக்கும் இப்போது இல்லை.

இந்தியாவில் மெட்ரிக் முறை 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. 1957 ஏப்ரல் 1இல் நாணயம் தசமமாயிற்று. எடைகளும் அளவுகளும் அதன்பின் சில ஆண்டுகளில் படிப்படியாக மாறின. திக்லிபூரின் குடியேற்றக் காலமும் ஏறக்குறைய இதுவே. 1950களில் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த குடும்பங்களுக்குக் காட்டைத் திருத்தி நிலம் கொடுத்தபோது, அளந்து தந்தது ஏக்கரில்: 5 ஏக்கர் நெல் நிலம், 5 ஏக்கர் மேட்டு நிலம் என்பது பரவலான கணக்கு. ஆவணங்கள் பின்னர் ஹெக்டேருக்கு மாறின. 5 ஏக்கர் 2.02 ஹெக்டேர் ஆகும். இரண்டாம் தசம இடத்தில் முழுமையாக்கும்போது விடுபடுவது 50 சதுர மீட்டருக்கும் குறைவு. ஒரு சிறு வீட்டின் அடித்தளம் அளவு. இதைப் பொருட்படுத்தாத நில உரிமையாளர் எவரும் இருக்க முடியாது.

அலகு மாற்றம் எவ்வளவு நுட்பமான வேலை என்பதற்கு இந்திய நில அளவையிலேயே சிறந்த சான்று உண்டு. 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலை அருகே நில அளவையாளர் வில்லியம் லாம்டன் சுமார் ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் நீட்டி, வெயிலில் அது எவ்வளவு நீள்கிறது என்பதை வெப்பமானியால் கணித்து, 57 நாட்களில் அந்தக் கோட்டை முடித்தார். அதிலிருந்து வளர்ந்த முக்கோண அளவையின் அடிப்படையில், ஜார்ஜ் எவரெஸ்ட் 1830இல் பூமியின் வடிவுக்கு ஒரு கணித உருவம் கொடுத்தார். அதன் நிலநடுக்கோட்டு ஆரம் 2,09,22,931.80 இந்திய அடி. இந்த எண் மாறவே இல்லை. மாறியது, ஓர் இந்திய அடிக்கு எத்தனை மீட்டர் என்ற விகிதம். 1937ஆம் ஆண்டு விகிதப்படி ஓர் இந்திய அடி 0.30479841 மீட்டர், ஆரம் 63,77,276 மீட்டர் வரும். 1975ஆம் ஆண்டு விகிதப்படி அடி 0.3047995 மீட்டர், அதே ஆரம் 63,77,299 மீட்டர் ஆகிவிடும். அடியின் ஆறாவது தசம இடத்தில் ஏற்பட்ட மாற்றம் பூமியின் ஆரத்தில் 23 மீட்டராகப் பெருகுகிறது. 1959இல் சில நாடுகள் சேர்ந்து 0.3048 மீட்டர் என்று நிலைநிறுத்திய பன்னாட்டு அடி இந்த இரண்டிலிருந்தும் வேறு. பழைய வரைபடத்தின் எண்ணைப் புதிய கணினியில் ஏற்றுபவர் எந்த அடி என்று கேட்காமல் தொடர்வது பெரும் தவறு. இன்றைய செயற்கைக்கோள் முறைகள் பயன்படுத்தும் உருவத்தின் ஆரமோ 63,78,137 மீட்டர். எவரெஸ்டின் ஆரத்தைவிட எண்ணூறு மீட்டருக்கும் மேல் அதிகம். எவரெஸ்ட் தன் உருவத்தை இந்தியத் துணைக்கண்டத்தின் வளைவுக்குப் பொருந்துமாறு அமைத்தார். உலகம் முழுவதற்கும் அது பொருந்தாது.

நேரத்துக்கும் தொடக்கக் கோடு உண்டு. 1906 முதல் வழக்கில் இருக்கும் இந்தியத் திட்ட நேரம், கிழக்கு தீர்க்கரேகை 82.5 டிகிரிக்குரியது. திக்லிபூர் 93 டிகிரிக் கோட்டில் இருக்கிறது. பூமி ஒரு டிகிரி சுழல 4 நிமிடம் ஆகும் என்பதால் 10.5 டிகிரிக்கு 42 நிமிடம். கடிகாரத்தில் நண்பகல் ஆகும் முன்பே, சராசரியாக 11 மணி 18 நிமிடத்துக்கே, திக்லிபூரில் சூரியன் உச்சியைத் தொட்டுவிடுகிறது. ஜூனில் ஐந்து மணிக்கு முன்பே விடிகிறது. அலகில் குறையில்லை; தில்லியின் நொடியும் திக்லிபூரின் நொடியும் ஒன்றே. தொடக்கக் கோடுதான் வேறிடத்தில் இருக்கிறது.

உயரத்துக்கு உலகம் நெடுங்காலமாகக் கொண்டிருக்கும் தொடக்கம் சராசரி கடல் மட்டம். சொல்ல எளிது, கண்டறியக் கடினம். அந்தமான் கடற்கரையில் நாளுக்கு இருமுறை கடல் ஏறி இறங்குகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே சுமார் 2 மீட்டர் வேறுபாடு உண்டு. திக்லிபூரின் துறைமுகமான ஏரியல் பேக்கு எதிரே ராஸ், ஸ்மித் என இரட்டைத் தீவுகள். கடல் இறங்கும்போது அவற்றை ஒரு மணல்திட்டு இணைக்கிறது. ஏறும்போது திட்டு நீருக்குள் போய் இரண்டு தீவுகளாகின்றன. இவை ஒரே தீவா இரண்டு தீவுகளா என்ற கேள்விக்கு எந்த நேரத்துக் கடல் மட்டம் என்று சொல்லாமல் விடை தர இயலாது. நிலவின் பாதை 18.6 ஆண்டுச் சுழற்சியில் மெல்ல மாறுவதால், நம்பத்தக்க சராசரிக்கு ஏறத்தாழ 19 ஆண்டுப் பதிவு வேண்டும். அந்தப் பதிவைத் தருவது ஓதமானி என்னும் கருவி. போர்ட் பிளேரில் 1880இலேயே இந்திய நில அளவைத் துறை ஓதமானி நிறுவியது. 1881 டிசம்பர் 31இல் கார் நிக்கோபார் அருகே ஏற்பட்ட நிலநடுக்கத்தின் சுனாமியை அதுவும் வங்கக் கடலின் பிற துறைமுகக் கருவிகளும் பதிந்தன. நூற்றிருபது ஆண்டு கழித்து அந்தத் தாள்களை வைத்தே அந்த நிலநடுக்கத்தின் அளவு சுமார் 7.9 என்று கணிக்க முடிந்தது. அன்று அந்தக் கருவியைக் கவனமாகப் பேணியவர்களுக்கு இன்றைய அறிவியல் கடன்பட்டிருக்கிறது.

பெருநிலத்தின் உயரங்களுக்கான பழைய ஆதார மட்டம், மும்பை, கொச்சி, நாகப்பட்டினம், சென்னை உள்ளிட்ட ஒன்பது துறைமுகங்களின் சராசரிகளை இணைத்து 1909இல் அமைந்தது. மட்டம் பார்ப்பவர் கருவியையும் அளவுக்கம்பத்தையும் மாற்றி மாற்றி வைத்து நிலத்தின் மீது உயரத்தைக் கடத்திச் செல்வார். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் அகன்ற வங்கக் கடலின் மீது அப்படிக் கடத்த வழியில்லை. எனவே தீவுகளின் உயரங்கள் தீவுகளின் கரையிலேயே அளந்த கடல் மட்டத்திலிருந்து தொடங்குகின்றன. சென்னையின் சுழியும் அந்தமானின் சுழியும் ஒரே பரப்பில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

செயற்கைக்கோள் வந்ததும் இன்னொரு சுழி சேர்ந்தது. ஜி.பி.எஸ். தரும் உயரம் கடலிலிருந்து கணக்கிடப்படுவதில்லை. பூமிக்குக் கணிதம் வகுத்த வழுவழுப்பான நீள்கோளத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. உண்மையான கடல்பரப்பு ஈர்ப்பு விசையின் ஏற்றத்தாழ்வைப் பின்பற்றி அந்தக் கோளத்துக்கு மேலும் கீழும் அலைகிறது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் அது நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருக்கிறது. உலகிலேயே ஆழமான பள்ளம் அதுதான். அந்தமானும் அந்தத் தாழ்வின் விளிம்புக்குள் வருகிறது. ஆகவே திக்லிபூர் அருகே காளிப்பூர் கடற்கரையில் ஒரு ஜி.பி.எஸ். கருவியை வைத்து, திருத்தம் செய்யாத உயரத்தைப் பார்த்தால், பல பத்து மீட்டர் எதிர்மறை எண் வரும். கருவி பழுதாகவில்லை, அதன் சுழி வேறு.

2002இல் திக்லிபூரின் பெயரை நிலநடுக்கப் பட்டியல்கள் ஏற்றுக்கொண்டன. அந்த அதிர்வின் தேதி இந்திய ஆவணங்களில் செப்டம்பர் 14, பன்னாட்டுப் பட்டியலில் செப்டம்பர் 13. இரண்டும் சரி: பன்னாட்டு நேரப்படி 13ஆம் தேதி இரவு 10.28 என்பது இந்திய நேரப்படி மறுநாள் அதிகாலை 3.58. நிலநடுக்கத்தின் அளவு 6.5. இந்த எண்ணுக்கு அலகு கிடையாது. பிளவின் பரப்பு, சறுக்கிய தொலைவு, பாறையின் விறைப்பு மூன்றையும் பெருக்கி வரும் திருப்புத்திறனை நியூட்டன் மீட்டர் அலகில் கண்டு, அதன் மடக்கையிலிருந்து அளவைக் கணிக்கிறார்கள். மடக்கை அளவுகோலில் சிறு வேறுபாடும் பெரும் வேறுபாடு. 2004 டிசம்பர் 26 காலை 6.28க்கு சுமத்ரா அருகே தொடங்கிய நிலநடுக்கத்தின் திருப்புத்திறன் சுமார் 4க்குப் பின் 22 சுழிகள் கொண்ட எண், அது 9.0 என்ற அளவைத் தரும். 6.5க்கும் 9.0க்கும் இடையே வெறும் 2.5 வேறுபாடு, திருப்புத்திறனிலோ 5,600 மடங்கு.

அந்தக் காலையில் இந்த அளவீடே தடுமாறியது. பசிபிக் எச்சரிக்கை மையம் முதலில் 8.0 என்றது, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் 8.5 என்றது; 9.0 என்ற கணிப்பு வருவதற்குள் அலைகள் கரைகளை அழித்திருந்தன. பின்னர் 9.1 என்றும், மிக நீண்ட அலைகளைச் சேர்த்துக்கொண்டவர்கள் 9.3 என்றும் கணித்தார்கள். 9.0க்கும் 9.3க்கும் இடையே திருப்புத்திறன் மூன்று மடங்கை நெருங்குகிறது. காரணம் அலகில் இல்லை. பிளவு 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பல நிமிடங்கள் கிழிந்துகொண்டே வட அந்தமான் வரை சென்றது. விரைவான முறைகள் குறுகிய கால அலைகளை மட்டும் பார்த்ததால், குறிப்பிட்ட எல்லைக்கு மேல் அவற்றின் எண் ஏற மறுத்தது. இந்தியப் பெருங்கடல் கரைகளில் அன்று இறந்தவர்களை நினைக்கும் எவரும் அளவீட்டின் பிழை வரம்பை வெறும் ஏட்டுச் செய்தியாகக் கருத முடியாது.

பிளவின் வடமுனை திக்லிபூரின் தரையையே நகர்த்தியது. அந்தமான் தீவுகளுக்கு மேற்கே கடலடி அகழியில் இந்தியத் தட்டு கிழக்கே உள்ள தட்டின் கீழ் அமிழ்கிறது. பிளவு சறுக்கும்போது, அகழியை ஒட்டிய மேற்கு விளிம்பு எழும். அதற்குக் கிழக்கே உள்ள பகுதி தாழும். வட அந்தமானின் மேற்குக் கரை ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்தது. திக்லிபூரில் உயர்வு அரை மீட்டரை ஒட்டியது. கூடவே தென்மேற்காகச் சில மீட்டர் நகர்வு. தெற்கே சுமார் 180 கிலோமீட்டர் தொலைவில் போர்ட் பிளேர் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. கிரேட் நிக்கோபாரின் இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் அமிழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதியைக் கடல் சூழ்ந்தது.

இந்த எண்களை அளந்த வழிகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டவை. இந்திய ஆய்வாளர்கள் நிலநடுக்கத்துக்கு முன்பே தீவுகளில் சில பாறைப் புள்ளிகளை ஜி.பி.எஸ். கொண்டு அளந்து வைத்திருந்தார்கள். பின்னர் அதே புள்ளிகளில் மீண்டும் ஆண்டெனாவை நிறுவினார்கள். செயற்கைக்கோள் அலை ஒரு நானோ நொடியில் 30 சென்டிமீட்டர் கடக்கும். அரை மீட்டர் உயர்வு ஒளிக்கு இரண்டு நானோ நொடிக்கும் குறைவான பயணம். 19 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள அந்த அலையின் கட்டத்தை ஒப்பிட்டு, சில நாட்களுக்குத் தொடர்ந்து பதிந்து, சராசரி கண்டால் மில்லிமீட்டர்களில் விடை கிடைக்கும். வானில் மட்டுமே செயற்கைக்கோள்கள் உள்ளன, தரைக்குக் கீழே இல்லை என்பதால் செங்குத்துப் பிழை கிடைப் பிழையைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிது. இன்னொரு சிக்கலும் உண்டு. மறு அளவை நடந்தது வாரங்கள் கழித்து. அதற்குள் தரை மெல்ல ஊர்ந்த நகர்வும் விடையில் கலந்துவிட்டது. நிலநடுக்க நொடியில் நகர்ந்தது எவ்வளவு, பின்னர் ஊர்ந்தது எவ்வளவு என்று பிரிப்பதற்கு, தொடர்ந்து பதியும் நிலையங்கள் அன்று போதிய எண்ணிக்கையில் இல்லை.

கருவி வைக்காத இடங்களில் பவளம் அளவுகோலாயிற்று. சில பவளங்கள் மிகத் தாழ்ந்த ஓத மட்டம் வரை வளர்ந்து, அதற்குமேல் வெயில் பட்டு இறந்து, தட்டையான தலையோடு பக்கவாட்டில் பரவும். தரை உயர்ந்தால் தலைப்பகுதி முழுதும் இறந்துவிடும். விளிம்பில் கீழே உயிருள்ள பகுதி தொடரும். இறந்த தலைக்கும் புதிய உயிர் எல்லைக்கும் இடையிலான உயரத்தைக் கோல் வைத்துச் சில சென்டிமீட்டர் துல்லியத்தில் அளக்கலாம். ஆளில்லாத தீவுகளுக்குச் செயற்கைக்கோள் படங்கள் உதவின: முன்பு எப்போதும் நீருக்குள் இருந்த பவளத்திட்டு பின்னர் வெளியே தெரிந்தால், அந்த நேரத்து ஓத உயரத்தைக் கணித்து, உயர்வு இதற்குக் குறையாது என்று சொல்லலாம். அது ஒரு கீழ் எல்லை மட்டுமே. சரியான மதிப்பு அன்று. எழுந்த கரையோரங்களில் கடல்நீர் எட்டாமல் அலையாத்திக் காடுகள் காய்ந்ததும் இதே திசையில் சாட்சி சொன்னது, ஆனால் எண் தரவில்லை. இந்த மூன்று வகை விடைகளையும் ஒரே வரைபடத்தில் ஒரே அளவு நம்பிக்கையோடு குறிப்பது சரியான முறை ஆகாது.

அப்படியானால் சாடில் பீக்கின் உயரம் மாறியதா? ஓர் அரை மீட்டர் மாற்றம் 732 என்ற முழு எண்ணின் கடைசி இலக்கத்துக்குள் மறைந்துவிடும். சிகரத்துக்குப் பொருட்டில்லாத அதே அரை மீட்டர் கரையில் பெரும் மாற்றம். 50 மீட்டருக்கு ஒரு மீட்டர் சரியும் மணற்கரையில் அரை மீட்டர் உயர்வு கரைக்கோட்டை 25 மீட்டர் கடல் பக்கம் தள்ளும். கடற்படங்களின் ஆழ எண்கள் சராசரி மட்டத்திலிருந்து தொடங்குவதில்லை. பாதுகாப்புக்காக மிகத் தாழ்ந்த ஓத மட்டத்திலிருந்தே கணக்கிடப்படுகின்றன. தரை எழுந்த இடத்தில் படத்தில் 3 மீட்டர் என்றிருக்கும் நீர் உண்மையில் இரண்டரை மீட்டராகிவிடும். தாழ்ந்த இடத்தில் படகுத்துறைத் தளத்தை ஏற்ற நீர் மூழ்கடிக்கும். சுனாமிக்குப் பிறகு கடற்படையின் நீரளவைக் கப்பல்கள் தீவுத் துறைமுகங்களை மீண்டும் அளந்தது இதனால்தான்.

கடல்மட்ட உயர்வைக் கணிப்பவர்களுக்கும் இந்தத் தீவுகள் ஒரு கடுமையான பாடம். உலகச் சராசரியாகக் கடல் ஆண்டுக்கு 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் உயர்கிறது. போர்ட் பிளேரின் ஓதமானி 2004இல் ஒரே காலையில் அதைப் போல் முந்நூறு மடங்கு உயர்வைக் காட்டியது. கடல் ஏறவில்லை, கருவி நின்ற துறை தாழ்ந்தது. ஓதமானி அளப்பது கடலுக்கும் தரைக்கும் இடையிலான வேறுபாட்டை மட்டுமே. அதன் அருகில் ஜி.பி.எஸ். நிலையமும் இருந்தால்தான் எது நகர்ந்தது என்று பிரித்துச் சொல்ல முடியும். 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் இந்தியச் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. நிலநடுக்கமானி, ஆழ்கடல் அழுத்தமானி, கரையோர ஓதமானி என்று பல கருவிகளின் எண்களை அது நிமிடங்களுக்குள் ஒன்றாக்குகிறது. அந்த எண்கள் ஒரே நேரக் கணக்கிலும் ஒரே உயரச் சுழியிலும் இல்லையென்றால் ஒப்பிடவே முடியாது.

தரை ஓர் இடத்தில் நிற்காததால், இன்றைய புவி அளவியல் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று ஆயங்களோடு நான்காவதாக ஒரு தேதியையும், ஆண்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் எந்தத் திசையில் நகர்கிறது என்ற வேகத்தையும் பதிகிறது. திக்லிபூர் போன்ற இடங்களுக்கு இந்த வேகம்கூட நிலையானது அன்று: 2004க்கு முன் ஒரு வேகம், அந்தக் காலையில் ஒரு தாவல், அதன்பின் ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைந்துவந்த ஊர்தல். ஆகவே அங்கே ஒரு நில அளவைக் கல்லின் உயரத்தை எழுதும்போது மீட்டரில் எவ்வளவு, எந்தக் கடல் மட்டத்திலிருந்து, எத்தனை சென்டிமீட்டர் பிழையோடு, எந்த ஆண்டில் அளந்தது என்ற நான்கையும் சேர்த்தே பதிய வேண்டியிருக்கிறது.